போன மாதம் 91, இந்த வாரம் 38: பையனுக்குச் சோம்பலா, வேறு ஏதாவதா?

தக்கலைத் தையல்காரி
ஜூன் 28, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுவரை பிளவுஸ் அளவு பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இது வேறு விஷயம், கொஞ்சம் நீளமாகவும் இருக்கும்.

மகனுக்கு வயது 15, பத்தாம் வகுப்பு. மே மாதமே ட்யூஷன் தொடங்கிவிட்டது. வாரம் ஒரு கணக்குத் தேர்வு. கடைசி ஐந்து தேர்வுகளில் வாங்கியது 91, 42, 86, 88, 38. பாடம் கடினமாகிக்கொண்டே போகிறது என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் 88 வாங்கியதும் 38 வாங்கியதும் ஒரே பாடத்தில்.

38 வாங்கிய தாளைத் தையல் மிஷின் மேல் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு இருபடிச் சமன்பாடு. கேள்வியில் நடுவில் 9எக்ஸ் என்று இருந்ததை இவன் 6எக்ஸ் என்று எடுத்து எழுதியிருக்கிறான். அப்படி எழுதினால் காரணியே வராதாம், ட்யூஷன் சார் சொன்னார். ஒன்றரைப் பக்கம் அடித்து அடித்து எழுதிப் பார்த்திருக்கிறான். ஒரு தடவைகூடத் திரும்பக் கேள்வித்தாளைப் பார்க்கவில்லை. இன்னொன்று, கேள்வித்தாளின் பின்பக்கத்தில் ஏழு கேள்விகள் இருந்தன. திருப்பவே இல்லை. வீட்டில் உட்கார்த்தி அந்த ஏழையும் கேட்டேன். ஐந்தைச் சரியாகப் போட்டான்.

ட்யூஷன் சார் சொல்வது இதுதான்: "முடியாத பையன் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். இவனுக்கு முடியும். 91 வாங்கிக் காட்டினானே. வேண்டுமென்றே செய்கிறான்." இவன் அப்பா மஸ்கட்டிலிருந்து போனில் சொல்வதும் அதேதான். அவனைக் கேட்டால், "தெரியலம்மா" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. யாருக்காவது இப்படிப் பிள்ளை இருந்திருந்தால் சொல்லுங்கள்.

கத்தார் குலசேகரம்
ஜூன் 28, இரவு 10.40

போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுங்கள். ஒரு மாதத்தில் 38 தானாக 88 ஆகும். எங்கள் வீட்டில் செய்ததைத்தான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்
ஜூன் 29, காலை 5.55

மக்களே, நான் 34 வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். மார்த்தாண்டம் பக்கம் மூன்று பள்ளிகள். நம் கன்னியாகுமரி ஜில்லாவில் 2011 கணக்கெடுப்பிலேயே எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதில் பெருமையும் உண்டு, தொந்தரவும் உண்டு. இங்கே மார்க் குறைந்தால் அது வீட்டு விஷயமாக நிற்காது, தெரு விஷயமாகிவிடும். அதனால் முதலில் நீ பதறாதே.

இரண்டாவது, உன் ட்யூஷன் சார் சொன்னதைத்தான் நானும் என் காலத்தில் நூறு பெற்றோரிடம் சொல்லியிருப்பேன். முடிந்தவன் செய்யவில்லை என்றால் அது மனசு சம்பந்தப்பட்டது. தினமும் 20 கணக்கு போடவை, பராக்குப் பார்க்கிற பழக்கம் போய்விடும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் செய்கிற தப்பு எப்போதும் ஒரே வகையா, வேறு வேறு வகையா? சூத்திரம் தெரியாத பையன் எல்லாத் தாளிலும் அதே இடத்தில் விழுவான்.

தக்கலைத் தையல்காரி
ஜூன் 29, காலை 8.20

சார், வேறு வேறு. ஒரு தாளில் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும். ஒரு தாளில் எல்லாம் சரியாகப் போட்டு, கேட்டதை எழுதாமல் வேறொன்றை விடையாக எழுதியிருப்பான். சூத்திரம் எல்லாம் தெரிகிறது.

நாகர்கோவில் ஆலோசகர்
ஜூன் 29, மதியம் 1.30

அக்கா, நான் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் உளவியலாளர். பையனைப் பார்க்காமல் இன்னது என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் "91 வாங்கினானே, அப்போது முடியும்தானே" என்ற வாதத்தைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்க வேண்டும்.

அழகியமண்டபத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்பது நாள் 5 நிமிடத்தில் பஸ் வருகிறது, பத்தாவது நாள் 45 நிமிடம் ஆகிறது. சராசரி 9 நிமிடம். கணக்கு சரிதான், ஆனால் சரியாக ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு நாள்கூட பஸ் வரவில்லை. கவனக் குறைபாடு, அதாவது ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் மூளை வேகத்தை அளந்தவர்கள் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். திரையில் ஒரு எழுத்து வந்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். நூற்றுக்கணக்கான தடவை இதையே செய்யச் சொல்வார்கள். பெரும்பாலான தடவைகளில் மற்றப் பிள்ளைகளைப் போலவே அழுத்துகிறார்கள். நடுநடுவே ஒன்று மட்டும் மிகவும் தாமதமாக வருகிறது. அந்தச் சில தாமதங்கள் சேர்ந்து சராசரியை இழுத்துவிடுவதால் பிள்ளையே மந்தம் என்று தோன்றுகிறது. மைக்கேல் கோஃப்ளரும் கூட இருந்தவர்களும் 319 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் எழுதினார்கள். இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, ஏடிஎச்டி பிள்ளைகள் மெதுவானவர்கள் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகவே ஒரு நாள் 91, ஒரு நாள் 38 என்பதை வைத்து, பையன் மனது வைத்தால் வாங்குவான் என்று முடிவுகட்ட முடியாது. அந்த ஏற்ற இறக்கமே ஒரு அறிகுறியாக இருக்கலாம்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்
ஜூன் 29, மாலை 6.05

சார், கேள்விப்படாத விஷயம், நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். எல்லோருக்கும்தான் ஒரு நாள் நன்றாக ஓடும், ஒரு நாள் ஓடாது. நானே போர்டில் 7 எட்டு 54 என்று எழுதி, பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அப்படியானால் நானும் வியாதிக்காரனா?

நாகர்கோவில் ஆலோசகர்
ஜூன் 29, இரவு 9.15

நியாயமான கேள்வி, சார். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, அளவு. எல்லோருக்கும் ஏற்ற இறக்கம் உண்டு, இந்தப் பிள்ளைகளுக்கு அது மிக அதிகம். இரண்டாவதை என் துறைக்காரர்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். இந்தச் சிதறல் ஏடிஎச்டிக்கு மட்டும் உரியது கிடையாது. அதே 319 ஆய்வுத் தொகுப்பில், வேறு மனநலப் பிரச்சினை உள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் கம்ப்யூட்டரில் பொத்தான் அழுத்தவிட்டு "ஆமாம், இதுதான்" என்று யாராவது ரிப்போர்ட் கொடுத்துக் காசு வாங்கினால் நம்பாதீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு கருதுகோள் இருக்கிறது. சும்மா இருக்கும்போது, பழசை நினைத்துக்கொண்டிருக்கும்போது மூளையில் சில பகுதிகள் சேர்ந்து ஓடுகின்றன. மார்கஸ் ரெய்க்கிள் 2001இல் அதற்குப் பெயர் வைத்தார். ஒரு வேலையில் இறங்கினால் அந்த ஓட்டம் அடங்க வேண்டும். சிலருக்குச் சரியாக அடங்காமல், வேலை நடுவே எட்டிப் பார்க்கிறது என்று சோனுகா-பார்க்கும் காஸ்டெயானோஸும் 2007இல் எழுதினார்கள். இன்னும் விவாதத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் 9ஐ 6 என்று எழுதிய அந்த ஒரு விநாடியை யோசித்தால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

குளச்சல் அலை
ஜூன் 29, இரவு 11.50

அக்கா, எனக்கு 22 வயது. நாகர்கோவிலில் கல்லூரி முடித்தேன். 20 வயதில்தான் எனக்கு ஏடிஎச்டி என்று தெரிந்தது.

நான் சேட்டை செய்யாத பிள்ளை. கடைசி பெஞ்சுகூட இல்லை, இரண்டாவது பெஞ்ச். சத்தம் போடாமல் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பேன், அதனால் நல்ல பிள்ளை. டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மனசு கடற்கரைக்குப் போய், வள்ளம் வந்துவிட்டதா, சித்தப்பா இன்று என்ன மீன் கொண்டுவருவார் என்று போய்க்கொண்டே இருக்கும். "புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டுவேன். பெண்பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் போவது இதனால்தான். ஓடி ஆடினால்தானே யாராவது பார்ப்பார்கள்.

உங்கள் மகன் "தெரியலம்மா" என்று சொல்வது பொய் கிடையாது. எனக்கும் தெரியாது. ஒரு பக்கத்தை நான்கு தடவை படித்திருப்பேன், நான்கு தடவையும் கண் மட்டும் ஓடியிருக்கும். அப்புறம் ஒரு நாள், மூன்று மாத ரெக்கார்ட் நோட்டை ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கி விடிவதற்குள் முடிப்பேன். காலையில் அம்மா, "இப்போ மட்டும் எப்படி முடிஞ்சுது?" என்பாள். பாராட்டுவதற்குக் கேட்க மாட்டாள். நன்றாகச் செய்த ஒவ்வொரு நாளும் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஒரு கட்டத்தில் நன்றாகச் செய்யவே பயமாக இருந்தது.

வர்மப் பரம்பரை
ஜூன் 30, காலை 7.10

வல்லாரை, நீர்ப்பிரம்மி சேர்த்த லேகியம் 48 நாள், கூடவே தலையில் நான்கு வர்ம இடங்களில் தடவுமுறை. நினைவாற்றல் பெருகும். தொடர்புக்கு [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்
ஜூன் 30, காலை 7.45

தொலைபேசி எண் நீக்கப்பட்டது. மருந்து விற்பனைக்கு இந்த இடம் இல்லை. பள்ளி, ட்யூஷன், மருத்துவமனை எதையும் பெயர் சொல்லித் திட்டவும் வேண்டாம், நேற்று இரண்டு பதிவுகளை அதனால்தான் தூக்கினேன்.

இரவுப்பணி நர்ஸ்
ஜூன் 30, காலை 9.30

டூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேகியம் சாப்பிட்டு உடனே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் 48 நாள் அதில் போய்விடும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கண், காது பரிசோதித்தீர்களா? ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு? தூக்கத்தில் குறட்டை உண்டா? பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் கண் வெறித்து நின்று, பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்கிறானா? அது வலிப்பில் ஒரு வகை. கீழே விழ மாட்டார்கள், கைகால் இழுக்காது, அதனால் வகுப்பில் கனவு காண்கிறான் என்று அடி வாங்குவார்கள். இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் ஏடிஎச்டி பக்கம் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான், எத்தனை மணிக்கு எழுகிறான்?

தக்கலைத் தையல்காரி
ஜூன் 30, இரவு 10.30

படுப்பது பதினொன்றரை. எழுவது 4.45, ட்யூஷன் 5.30க்கு. எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஐந்தேகால் மணி நேரம்.

குறட்டை இல்லை. கண் வெறிக்கிற மாதிரி நான் பார்த்ததில்லை, கவனிக்கிறேன்.

கத்தார் குலசேகரம்
ஜூலை 1, அதிகாலை 12.20

அப்படியானால் தூக்கம்தான் காரணம், விஷயம் முடிந்தது. வியாதி, மூளை என்றெல்லாம் சொல்லி அந்தம்மாவை வெப்ராளப்படுத்தியதுதான் மிச்சம்.

இரவுப்பணி நர்ஸ்
ஜூலை 1, காலை 10.15

முடியவில்லை அண்ணன். ஆனால் தூக்கம் சின்ன விஷயமும் இல்லை. 13இலிருந்து 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. நாம் காலையில் 4.45க்கு எழுப்பி அந்தப் பக்கத்தையும் வெட்டிவிடுகிறோம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்து 2003இல் வெளியான ஒரு ஆய்வு உண்டு. நல்ல ஆரோக்கியமான பெரியவர்கள் 48 பேர். சிலருக்குத் தினம் 6 மணி நேரம் மட்டும் தூக்கம், 14 நாள். கடைசியில் அவர்கள் கவனம், ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்குத் தவறியது. வேடிக்கை என்னவென்றால், தங்களுக்குக் கொஞ்சம்தான் தூக்கம் வருகிறது என்றே அவர்கள் சொன்னார்கள். நைட் டூட்டி பார்க்கிற எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தக்கலைத் தையல்காரி
ஜூலை 4, இரவு 9.50

தேர்வு நாட்களையும் தூக்கத்தையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். பாதி பொருந்துகிறது. 42 வாங்கியதற்கு முந்தைய நாள் கோயில் கொடை, ராத்திரி ஒரு மணிக்குத்தான் படுத்தான். ஆனால் 38 வாங்கியது திங்கட்கிழமை. ஞாயிறு முழுக்கத் தூங்கினான், என் அம்மா வீட்டில் மரச்சீனியும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மதியமும் தூங்கினான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரே மழைக்காலத்தில் ஐந்து குடை தொலைத்தான். ஐந்தாவது குடையில் நானே பெயர் தைத்துக் கொடுத்தேன், அதையும் தொலைத்தான். அந்த வருஷ ரேங்க் கார்டில் "கவனம் தேவை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான்காம் வகுப்பிலும் அதே. அப்போது ட்யூஷனும் கிடையாது, போனும் கிடையாது. ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவான்.

நாகர்கோவில் ஆலோசகர்
ஜூலை 5, காலை 11.00

அந்த ரேங்க் கார்டுகளைப் பத்திரமாக வையுங்கள், அக்கா. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013 பதிப்பில் சொல்கிறபடி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், அதில் குறைந்தது ஆறு அறிகுறிகள் ஆறு மாதமாக இருக்க வேண்டும், 17 வயது ஆனவர்களுக்கு ஐந்து போதும். பதினைந்து வயதில் திடீரென்று தொடங்கினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: மனச்சோர்வு, பயம், பள்ளியில் யாராவது தொந்தரவு செய்வது. ஐந்து குடை என்பது எனக்கு 38ஐவிட முக்கியமாகப் படுகிறது.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போவதற்குத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

கத்தார் குலசேகரம்
ஜூலை 5, மாலை 4.40

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கவனக் குறைபாடு உள்ளவன் மூன்று மணி நேரம் கண் இமைக்காமல் கேம் விளையாடுகிறானே, அது எப்படி? அப்புறம், இந்த வயதில் இருக்கிற விளையாட்டுப் புத்தி தானாகப் போய்விடாதா?

குளச்சல் அலை
ஜூலை 5, இரவு 8.05

அண்ணன், கேம் நொடிக்கொரு தடவை ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கும். புள்ளி வரும், சத்தம் வரும், செத்தால் திரும்ப உயிர் வரும். கவனத்தை நாம் பிடித்துவைக்க வேண்டியதில்லை, அதுவே பிடித்துவைக்கும். இருபடிச் சமன்பாடு அப்படி எதையும் கொடுக்காது. எங்களிடம் கவனம் இல்லை என்பது தவறு. வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்க முடிவதில்லை, வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும் முடிவதில்லை. கேமை விட்டு எழுந்துவரச் சொல்லிப் பாருங்கள், அதிலும் அவன் திண்டாடுவான்.

நாகர்கோவில் ஆலோசகர்
ஜூலை 5, இரவு 9.30

தானாகப் போகுமா என்பதற்கு: 2007இல் பிலிப் ஷாவின் குழு மூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், தடிமனை வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை வயதளவில் வந்த உச்சம், ஏடிஎச்டி பிள்ளைகளுக்குப் பத்தரை வயதளவில் வந்தது. வரிசை அதேதான், மூன்று வருடம் பின்னால். சிலருக்கு வளர வளர அறிகுறிகள் குறைவது உண்மை. பலருக்குப் பெரியவரான பின்பும் தொடர்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு மூன்று வருடம் காத்திருக்காது, அதுதான் சிக்கல்.

தக்கலைத் தையல்காரி
ஜூலை 27, இரவு 10.05

போய்விட்டு வந்தோம். இரண்டு தடவை.

அவன் அப்பாவிடம் முதலில் சொல்லவில்லை. "ரத்தம் டெஸ்ட் எடுக்கப் போகிறோம்" என்று மட்டும் சொன்னேன். ரத்தமும் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 11.2, இந்த வயதுப் பையனுக்குக் குறைவாம், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு படிவம், வகுப்பாசிரியருக்கு ஒரு படிவம். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை.

ரேங்க் கார்டுகளை டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கவனக்குறைவு முதன்மையாக உள்ள ஏடிஎச்டி என்றுதான் சொல்கிறார். ஆனால் மருந்தை உடனே தொடங்கவில்லை. அதிகாலை ட்யூஷனை மாலைக்கு மாற்றி, எட்டு மணி நேரத் தூக்கத்தைச் சரிசெய்து, இரும்புச்சத்தும் ஏறட்டும், நான்கு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். ட்யூஷன் சார் மாலையில் இடமில்லை என்கிறார். வேறு இடம் தேடுகிறேன்.

ராத்திரி அவன் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நானும் சின்ன வயசில் இப்படித்தான் இருந்தேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

ஆரல்வாய்மொழிக் காற்று
ஜூலை 28, காலை 6.40

இவ்வளவு நாளாக வெளியே நின்று படித்துக்கொண்டிருந்தேன். என் மகனுக்கு 13 வயது, ஒரு வருடமாக மெத்தில்ஃபெனிடேட் எடுக்கிறான். மருந்து வரை போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

சாதாரண வகை நான்கு மணி நேரம் போலத்தான் வேலை செய்யும். எழுத்து ஒரே அளவாக வர ஆரம்பித்தது, அதுதான் நாங்கள் முதலில் கண்டது. புத்தி கூடவில்லை, சிதறல் குறைந்தது. பசி குறைந்துவிட்டது. சோற்றுப்பொதி அப்படியே திரும்பி வரும், அதனால் காலையிலேயே முட்டையும் பழமுமாக வயிறு நிறையக் கொடுத்துவிடுகிறோம், ராத்திரி எட்டு மணிக்கு அவனே சோறு கேட்பான். உயரம், எடை, ரத்த அழுத்தம் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறார்கள்.

மருந்து வாங்குவதுதான் பாடு. 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிற மருந்து, எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள், சீட்டு இல்லாமல் கிடைக்காது. ஒரு கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழும்படி, "இது யாருக்கு?" என்று கேட்டான் ஒருவன். மகன் கூட நின்றான். அதற்கப்புறம் சில தடவை களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய் வாங்கியிருக்கிறேன். இந்த வகை வேண்டாம் என்றால் அட்டோமாக்செட்டின் இருக்கிறது, அது மெதுவாகப் பல வாரங்களில்தான் பிடிக்கும். எது யாருக்கு என்பது டாக்டர் வேலை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்
ஜூலை 28, மாலை 5.30

மக்களே, மாலை ட்யூஷனுக்கு இடம் கிடைக்கவில்லை என்றாயே. நான் காசுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். ஆனால் சனி, ஞாயிறு என் பேரன் வருகிறான். உன் பையனையும் அனுப்பு, இரண்டு பேருமாக உட்காரட்டும். மார்த்தாண்டம் பஸ் ஏற்றிவிட்டால் போதும்.

தினமும் 20 கணக்கு என்று நான் சொன்னது தப்பு. பேரனிடம் சோதித்துப் பார்த்தேன். அவனுக்குக் குறைபாடு எதுவும் இல்லை, ஆனாலும் பன்னிரண்டாவது கணக்குக்கு மேல் ஒரே பிழை. உன் பையனுக்கு ஐந்து, பிறகு ஐந்து நிமிடம் முற்றத்தில் நடை, பிறகு ஐந்து. கேள்வியை எழுதியதும் ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும், அதற்கு அரை மார்க் நான் தருவேன். தாள் கையில் கிடைத்ததும் முதல் வேலை, திருப்பிப் பார்த்துக் கடைசிக் கேள்வியின் எண்ணைத் தலைப்பில் எழுதுவது.

34 வருஷத்தில் இப்படி எத்தனை பேர் என் கையில் பிரம்படி வாங்கினார்கள் என்று இரண்டு நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். சில முகங்கள் நினைவில் இருக்கின்றன.

குளச்சல் அலை
ஜூலை 28, இரவு 9.00

சார், இதை என் வாத்தியார்களில் ஒருவராவது எழுதியிருந்தால் நான் அப்படியே பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்திருப்பேன்.

இரவுப்பணி நர்ஸ்
ஜூலை 29, காலை 9.50

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று யாராவது கேட்பீர்கள், நானே கேட்டுவிடுகிறேன்.

நாகர்கோவில் ஆலோசகர்
ஜூலை 29, மதியம் 2.10

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. கற்றல் குறைபாடு அதில் உண்டு. ஏடிஎச்டி தனி வகையாக இல்லை. அதில் ஒரு வகையான டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாட்டுக்குச் சான்று உள்ளவர்கள் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் நிறைய, அதனால் வாசிப்பதிலும் எழுதுவதிலும் சந்தேகம் இருந்தால் இப்போதே சோதித்துவிடுங்கள், டிசம்பரில் ஓடாதீர்கள். அக்கா, உங்கள் பையனுக்கு வாசிப்பில் சிரமம் இருப்பதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை, அவனுக்கு இந்த வழி அநேகமாகப் பொருந்தாது.

தக்கலைத் தையல்காரி
செப்டம்பர் 26, இரவு 9.40

காலாண்டுத் தேர்வு மார்க் வந்தது. கணக்கு 74. நடுவில் சார் வீட்டில் எழுதிய தேர்வுகள் 68, 77, 71, 55, 76.

ஆகஸ்ட் கடைசியில் டாக்டர் குறைந்த அளவில் மருந்து தொடங்கினார். தூக்கம் சரியானபோதே கொஞ்சம் மாற்றம் தெரிந்தது, ஆனால் போதவில்லை. ஹீமோகுளோபின் 12.6. சோற்றுப்பொதி எங்களுக்கும் திரும்பி வருகிறது, ஆரல்வாய்மொழி அண்ணன் சொன்னபடியே.

அவன் அப்பா மார்க்கைக் கேட்டுவிட்டு, "91 எங்கே போச்சு?" என்றார். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த 91 மேல் ஒரு ஆசை இருந்தது. ஒவ்வொரு தடவையும் தாளைத் திறக்கும்போது இன்று எது என்று வயிற்றைப் பிசையும். இப்போது பிசைவதில்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்
செப்டம்பர் 27, காலை 6.00

55 வாங்கிய அன்று பேரன் அவனோடு சண்டை போட்டான், அதை எடுக்காதே. காலாண்டுத் தாளில் பின்பக்கம் திருப்பினானா?

தக்கலைத் தையல்காரி
செப்டம்பர் 27, காலை 8.15

திருப்பினான் சார். தலைப்பில் பெரிதாக எண் எழுதி வட்டம் போட்டிருக்கிறான். குடையைத்தான் பள்ளியிலேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்தான்.